முப்பது கிலோ வரை கொண்டுவரலாம்

லீட்ஸ், இங்கிலாந்து
18 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உதயா எழுதுகிறேன். உங்கள் மகன் தணிகைமணியின் மனைவி. கல்யாணமாகி நான்கு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தாளில் எழுதி, படம் பிடித்து, அவருடைய போனிலிருந்து அனுப்புகிறேன். அவர் எண்ணைப் பார்த்தால் திறப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

என்னோடு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று மலைமேல் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் போன் செய்யவில்லை. அவராலும் இப்போது பேச முடியாது. தொண்டையில் புற்றுநோய் என்பதை மார்ச் மாதமே உங்களுக்குச் சொன்னார். போன மாதம் ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். குரல் போய்விட்டது. வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். இன்னொரு சுற்று மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். கவனிப்பில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் நீங்கள் ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது. பார்க்க ஆசைப்படுகிறார்.

விசாவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் நானே இங்கிருந்து நிரப்பிவிடுவேன். நீங்கள் ஒருநாள் சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்தால் போதும். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் அம்சா என்று மட்டும் இருக்கிறதா, மாமா பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். விசாவிலும் டிக்கெட்டிலும் ஓர் எழுத்து மாறினாலும் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டை நகலெடுத்து ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைப் பக்கத்து வீட்டிலும் வைத்துவிடுங்கள்.

பதில் எழுதுவீர்களா?

உதயா

--

திருத்தணி
20 ஜூன் 2025

உதயாவுக்கு,

பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று முருகனிடம் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். இது என் பிள்ளைக்காக, உனக்காக இல்லை. இன்னொன்று, என்னை அத்தை என்று எழுதாதே. அந்த வார்த்தையைச் சொல்லவேண்டியவள் வேறொருத்தி இருந்தாள். என் தம்பி கஜபதியின் மகள் வள்ளிநாயகி. தட்டு மாற்றி, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகைக்கு மஞ்சள் தடவும் நேரத்தில் இவன் உன்னை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு படம் அனுப்பினான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அன்றைக்கு அடைபட்ட தாய்வீட்டு வாசல் எனக்கு இன்றுவரை திறக்கவில்லை. தம்பி ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் என்னைப் பார்த்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறான்.

மார்ச்சில் அவன் சொன்னபோது, தொண்டையில் சின்னக் கட்டி, எரித்துவிடுவார்கள் என்றான். குரல் போய்விடும் என்று சொல்லவில்லை. ஒரு மாதமாக அவன் போன் வரவில்லை என்றால், கோபமாக்கும் என்று நானும் வீம்பாக இருந்தேன். பெற்றவளுக்கு வீம்பு எதற்கு என்று யாராவது செருப்பால் அடித்துச் சொல்லியிருக்கலாம்.

பாஸ்போர்ட் இருக்கிறது. அவன் லீட்ஸ் போன வருடமே, "எப்பனா வந்து பாரும்மா" என்று எடுத்துக் கொடுத்தான். பெயர் அம்சா சுப்பிரமணி. நான் வருகிறேன். எப்போது, எப்படி என்று எழுது. அவனே நாலு வரி எழுதினால் என்னவாம்? கைக்கும் துளை போட்டிருக்கிறார்களா?

அம்சா

--

லீட்ஸ்
29 ஜூன் 2025

வணக்கம்.

அத்தை என்று எழுதவில்லை. வேறு எப்படி எழுதுவதென்றும் தெரியவில்லை, வெறும் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மருந்து ஏறும் நாட்களில் அவருக்குக் கை நடுங்குகிறது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

பெட்டியைப் பற்றி. சின்னச் சக்கரம் நாலு வைத்த பெட்டியாக வாங்குங்கள், இழுக்க வேண்டாம், பக்கத்தில் தள்ளிக்கொண்டே நடக்கலாம். முப்பது கிலோ வரை கொண்டுவரலாம். ஆனால் ஒரே பெட்டியில் முப்பதையும் அடைத்தால் உங்களால் தூக்க முடியாது, இரண்டாகப் பிரியுங்கள். புடவைகளை மடிக்காமல் சுருட்டி வையுங்கள், இடமும் மிச்சம், கசங்கலும் குறையும். எல்லாப் புடவைகளையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஒரு பெட்டி வந்து சேராமல் போனால் மாற்றிக்கொள்ள ஒன்றாவது இருக்கவேண்டும். பெட்டியின் கைப்பிடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுங்கள். அங்கே சுற்றி வருகிற பெட்டியெல்லாம் கறுப்புதான்.

சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் கைப்பையில், டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல். பவர் பேங்க்கும் கைப்பையில்தான், பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். கற்பூரம், தீப்பெட்டி இரண்டிலுமே கூடாது. கொப்பரையும் உடைத்த தேங்காயும் வேண்டாம், எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் என்கிறார்கள். கசகசா ஒரு சிட்டிகைகூட எதிலும் கலக்காதீர்கள். நீங்கள் விமானம் மாறவேண்டியது துபாயில், அங்கே அதைப் போதைப்பொருளாகப் பார்ப்பார்கள். நெய்யும் பால் பண்டமும் இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். யாராவது "இதைக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுங்க" என்று பொட்டலம் கொடுத்தால் சொந்தக்காரராக இருந்தாலும் வாங்காதீர்கள்.

சாப்பாட்டுச் சாமான்கள் அதிகம் வேண்டாம்.

உதயா

--

திருத்தணி
9 ஜூலை 2025

உதயாவுக்கு,

சென்னைக்குப் போய்வந்தேன். விசா ஆபீசில் என் விரல் ரேகை விழவில்லை. வருடக்கணக்காக வேர்க்கடலை உரித்த விரல், ரேகை எங்கே இருக்கும்? அந்தப் பெண் ஏதோ தைலத்தைத் தடவித் தடவி, "அழுத்துங்கம்மா, இன்னும் அழுத்துங்க" என்றது. கடைசியில் விழுந்தது. திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஓடும் படியில் ஏறிப் பார்த்தேன், விமான நிலையத்தில் அதுதான் இருக்குமாமே. ஒரு கால் ஏறிவிட்டது, இன்னொரு கால் வரமாட்டேன் என்றது. பின்னால் நின்ற மனுஷன், "என்னம்மா, பாதி உடம்ப இங்கியே வுட்டுட்டுப் போறியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இவனுக்கு இப்படி இருக்கும்போது எனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று அரக்கோணம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

பெட்டி வாங்கிவிட்டேன், நாலு சக்கரம். நம் தெருவில் அது ஓடாது, மூன்றாவது வீட்டு வாசலிலேயே கல்லில் சிக்கியது. நீ சொன்னபடி புடவைகளைச் சுருட்டி வைத்தேன். கசகசாவைத் தொடவில்லை, குருமாவே வைக்கவில்லை.

சாப்பாட்டுச் சாமான் அதிகம் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, ஏன்? என் பிள்ளைக்கு என் கைச் சாப்பாடு ஆகாதா? வேர்க்கடலை உருண்டை, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் செய்து வைத்திருக்கிறேன். அதை வேண்டாம் என்று சொல்ல நீ யார்? அவனைக் கேட்டுச் சொல்.

அம்சா

--

லீட்ஸ்
15 ஜூலை 2025

வணக்கம்.

சொல்லாமல் இருந்தது என் தப்பு. அவர் வாய் வழியாகச் சாப்பிடுவதில்லை. வயிற்றில் ஒரு குழாய் வைத்து அதன் வழியாகத்தான் எல்லாம் போகிறது. பருப்புப் பொடி எனக்குப் பிடிக்கும், கொண்டுவாருங்கள் என்று எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைச் சாப்பிட முடியாது.

விசா எந்த நாளும் வரலாம். வந்த மறுநாளுக்கே டிக்கெட் போடட்டுமா? இப்போதைக்கு ஆகஸ்ட் ஆறாம் தேதிக்குப் போட்டிருக்கிறேன், முன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

விமானத்தில் உங்களுக்கு நடைபாதை ஓர இருக்கை வாங்கியிருக்கிறேன். ஜன்னலோரம் யாராவது ஆசை காட்டினாலும் மாற்றிக்கொள்ளாதீர்கள். உள்ளே உட்கார்ந்தால் பக்கத்து ஆளை எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே அடக்கிக்கொண்டு இருப்பீர்கள். தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போகவேண்டுமே என்று குடிக்காமலும் இருக்காதீர்கள். நம் பெண்கள் செய்கிற தப்பே அதுதான். நிறையக் குடியுங்கள், மணிக்கொருதரம் எழுந்து நாலடி நடங்கள். முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை மருந்துக்கடையில் கிடைக்கும், வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, சின்ன பாட்டில் ஒன்றைக் காலியாகக் கைப்பையில் வைத்து உள்ளே போனபிறகு நிரப்பிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே குளிரும். இறங்கும்போது காது அடைத்தால் வாயில் ஒரு மிட்டாய். வளையல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், சோதனைக் கதவு கத்தும். சர்க்கரை நாற்காலி ஒன்று சொல்லியிருக்கிறேன், மன்னிக்கவும், சக்கர நாற்காலி. தூக்கமில்லை, எழுத்து தடுமாறுகிறது. நடக்க முடிந்தாலும் அதில் உட்காருங்கள். துபாயில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நம் மலைப்படி அத்தனையும் ஏறுகிற தூரம். தள்ளுகிறவரே வரிசை, படிவம் எல்லாம் பார்த்துக்கொள்வார்.

சீக்கிரம் வாருங்கள்.

உதயா

--

திருத்தணி
24 ஜூலை 2025

உதயா,

குழாய் விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் அடுப்பு மூட்டவில்லை. பிறகு வேர்க்கடலையை வறுத்து, தோல் நீக்கி, வெல்லமில்லாமல் இடித்து, மெல்லிய துணியில் மூன்று முறை சலித்து வைத்திருக்கிறேன். வெந்நீரில் கரைத்தால் பால் மாதிரி இருக்கிறது. குழாயில் போகுமா என்று உன் டாக்டரைக் கேள். போகும். நான் ஊசி போடும் குழலில் ஊற்றியே பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் தெருக் கெங்கையம்மனுக்கு ஆடி ஜாத்திரைக் காப்பு கட்டினார்கள். நானும் கட்டிக்கொண்டேன், அவன் தொண்டைக்காக. அவன் சாப்பிடும் அன்றைக்கு நான் உப்பு சேர்க்கிறேன் என்று வேண்டிக்கொண்டு மஞ்சள் கயிற்றை வலது கையில் வாங்கினேன். நேற்று மத்தியானம் கூரியர்காரன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். விசா கிடைத்துவிட்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?

காப்பு கட்டியவள் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. உனக்கே தெரிந்திருக்கும், நீயும் அரக்கோணத்தில் வளர்ந்தவள்தானே. அடுத்த மாதம் மூன்றாம் தேதி கூழ் ஊற்றி, நாலாம் தேதி காப்பு அவிழ்ப்பார்கள். ஆறாம் தேதி டிக்கெட் அப்படியே இருக்கட்டும், மாற்றாதே. அதில் வருகிறேன். காலுறை வாங்கிவிட்டேன்.

அம்சா

--

லீட்ஸ்
24 ஜூலை 2025, மாலை

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. இன்று பெட்டி, பை எதுவும் எழுதப்போவதில்லை.

மருந்தை நிறுத்திவிட்டார்கள். இனி வலிக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். எத்தனை நாள் என்று கேட்டேன். எண்ணிக்கை சொல்லமாட்டோம், வரவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்றார்கள். "சீக்கிரம்" என்று எழுதியபோதே "உடனே" என்று எழுதியிருக்கவேண்டும். இவ்வளவு தூரத்தில் நீங்கள் தனியாக இருந்துகொண்டு பயப்படக் கூடாது என்று அந்த வார்த்தையைத் தவிர்த்தேன்.

நாளை இரவு விமானத்தில் இடம் இருக்கிறது. கயிற்றை அவிழ்த்துவிட்டு வாருங்கள். அம்மனிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், தோஷம் வந்தால் எனக்கு வரட்டும். நான்தானே உங்கள் வீட்டுக்கு ஆகாதவள். என்னோடு பேசாததற்கு ஒரு சத்தியம், அவரைப் பார்க்காததற்கு ஒரு காப்பு. நீங்கள் சத்தியத்துக்கு அம்மாவா, அவருக்கு அம்மாவா?

உதயா

--

திருத்தணி
26 ஜூலை 2025

உதயா,

நேற்று இரவு விமானத்துக்கு நான் வரவில்லை என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

போகத்தான் நினைத்தேன். பெட்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய், ஆட்டோவையும் நிறுத்தினேன். முதலில் பூசாரியிடம் போய்க் கையை நீட்டினேன். அவர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "கட்டுனது எதுக்கு? புள்ள பொழைக்கணும்னுதான? நீயே அறுத்துக்கினு போயி, அங்க எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, அப்பறம் ஆயுசுக்கும் நிம்மதியா ஒரு வாய் சோறு துன்னுவியா? என்னாண்ட வந்து அழாத" என்றார். பக்கத்து வீட்டு வரலட்சுமி அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள், "அந்தாளு கெடக்கறான், நீ போக்கா. பெத்தவள எந்த ஆத்தா தண்டிப்பா?" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. நின்றேன். ஆட்டோக்காரன் போய்விட்டான்.

நீ எழுதியதற்குக் கோபப்படவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பேன். ஆனால் இதைக் கேள். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்கிறாய். அப்படியென்றால் அவனைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கயிறு ஒன்றுதான். அதை நான் எப்படி அறுப்பேன்? நாலாம் தேதிவரை அவனைப் பார்த்துக்கொள். காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை உன்னை நான் எதுவும் கேட்டதில்லை.

அவனிடம் நான் கிளம்பிவிட்டேன் என்று சொல்.

அம்சா

--

லீட்ஸ்
31 ஜூலை 2025

அத்தை,

இன்று அத்தை என்றே எழுதுகிறேன், தடுக்காதீர்கள்.

அவர் போய்விட்டார். நேற்று மத்தியானம். இங்கே மழை பெய்துகொண்டிருந்தது. வலி இல்லை, மருந்து கொடுத்து வைத்திருந்தார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நேற்று போனில் உங்களுக்குக் கேட்டது இங்குள்ள நர்சின் குரல். நான் பேசினால் உங்கள் சத்தியம் உடையும் என்று, அந்த நேரத்திலும் அது நினைவுக்கு வந்து, அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுத்து உங்கள் மகன் பெயரை மட்டும் சொல்லச் சொன்னேன். அந்த ஒற்றைப் பெயரிலேயே நீங்கள் புரிந்துகொண்டு கத்தியது எனக்குக் கேட்டது.

நீங்கள் கிளம்பிவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. நாலாம் தேதிக்குமேல் வருவார்கள், காப்பு கட்டியிருக்கிறார்கள் என்று உண்மையைத்தான் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். சிரித்தார். சிலேட்டில், "அம்மா அப்டித்தான்" என்று எழுதினார்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். அவரே நாலு வரி எழுதினால் என்ன என்று கேட்டீர்களே. "நடுங்கும் என் கையெழுத்தைப் பார்த்தால் அம்மா எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாள், வேண்டாம்" என்று சிலேட்டில் எழுதினார். ஆனால் நான் எழுதியதெல்லாம் அவர் சொன்னதுதான். எனக்கு உங்கள் கால் வீங்கும் என்று எப்படித் தெரியும்? சக்கரம் நாலு இருக்கவேண்டும் என்றது, சிவப்புத் துணி, காலுறை, தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பாள் என்றது, எல்லாம் அவர். ஒவ்வொன்றாகச் சிலேட்டில் எழுதுவார், அழிப்பார், அடுத்ததை எழுதுவார். ஒரு முழு மத்தியானம் அந்த வேலையாகவே இருப்பார். மருந்தின் மயக்கத்தில் கண் சொருகும்போதும் "ஸ்வெட்டர் கைப்பையில்" என்று எழுதிவிட்டுத்தான் தூங்கினார். நான் நடுவில் ஒரு வணக்கத்தைப் போட்டு அனுப்பினேன், அவ்வளவுதான்.

இங்கே உடனே எரிக்கமாட்டார்கள். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதிதான் கிடைத்தது. அதுவரை குளிர்ந்த அறையில் வைத்திருப்பார்கள். ஆறாம் தேதி டிக்கெட்டை நான் ரத்து செய்யவில்லை. நீங்கள் வந்தால் முகத்தைப் பார்க்கலாம், தொடலாம், கேட்டுவிட்டேன். வராவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான்.

எனக்கு இங்கே யாரும் இல்லை.

உதயா

--

திருத்தணி
4 ஆகஸ்ட் 2025

அம்மா உதயா,

வருகிறேன். நாளன்றைக்குக் கிளம்புகிறேன்.

சாவுச் செய்தி வந்த அன்றைக்கே பூசாரி வீட்டுக்கு வந்துவிட்டார். "தீட்டாயிடுச்சிம்மா, காப்போட இருக்கக் கூடாது" என்று எலுமிச்சம்பழம் அறுக்கும் கத்தியால் அவரே கயிற்றை அறுத்தார். என் பிள்ளை பிழைக்க அறுக்காத கயிற்றை அவன் செத்ததற்கு அறுத்தார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் செய்தேன். நேற்று தெருவில் கூழ் ஊற்றினார்கள். என் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள்.

உதயா, கயிறு அவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. கயிறு கையில் இருக்கும்வரை அவன் பிழைப்பான் என்று நான் இங்கே உட்கார்ந்து நம்பலாம். விமானம் ஏறினால் அவன் சாவதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று ஆகிவிடும். அதற்குப் பயந்தேன். அம்மன் பேரைச் சொல்லி ஒளிந்துகொண்டேன். உனக்கு அப்படி ஒளிய இடம் இல்லை, நீ பக்கத்தில் இருந்தாய். "அம்மா அப்டித்தான்" என்று அவன் எழுதியதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். வணக்கத்தை விட்டுவிட்டுப் படித்தால் அவன் குரல் கேட்கிறது. எத்தனை பேச்சு பேசியிருக்கிறான். நான் பதிலுக்கு உன்னைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தேன்.

சத்தியத்தைப் பற்றிக் கேட்பாய். விமான நிலையத்தில் உன்னைப் பார்த்ததும் வாய்விட்டு அழப்போகிறேன். அழுவது பேச்சில் சேருமா சேராதா என்று மேலே இருப்பவன் பார்த்துக்கொள்ளட்டும். என்னிடமிருந்து இனி அவன் எடுத்துக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது?

நேற்று அரக்கோணம் போனேன், உன் அப்பாவைப் பார்க்க. நான்கு வருடத்தில் முதல் தடவை. வாசலில் நின்று யார் என்று சொல்லுமுன்பே, "உள்ள வாங்கம்மா" என்றார். அழுது முடித்தபிறகு விஷயத்தைச் சொன்னேன். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டும். அந்தப் புடவையை அப்பனோ அண்ணன் தம்பியோ எடுத்து வந்து தலையில் போர்த்தவேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு நாதி இல்லை என்று ஆகிவிடும். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பாஸ்போர்ட்டு கூட இல்லிங்க. வேலையில இருந்த காலம் பூரா ரயில்லயே சுத்திக்கினு இருந்தவன், கடல தாண்டிப் போவணும்னு நெனச்சதே இல்ல. எம் பொண்ணுக்கு நான் இப்ப எப்பிடிப் போயி போடுவேன்?" என்றார். அப்புறம் அவரே, "நீங்க போடுவீங்களா? கேக்கறதுக்கே வாய் கூசுது. புருஷன் வூட்டு ஆளு கோடி போடறது மொறையில்லதான்" என்றார். முறையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன் என்றேன்.

இரண்டு பேரும் கடைத்தெருவுக்கு நடந்தோம். சம்பந்திகள் சேர்ந்து ஜவுளிக்கடைக்குப் போவது கல்யாணத்துக்கு. நாங்கள் போனது இதற்கு. கடைப் பையன் ஓடிவந்து ஜமுக்காளத்தில் உட்கார வைத்து, "என்னா விசேஷம்மா? எந்த மாதிரி பாக்கறீங்க?" என்றான். உன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு என்று சொன்னேன். அவன் நாலைந்து புடவைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, "பொண்ணு செவப்பா, மாநிறமா? சொன்னீங்கன்னா அதுக்கு ஏத்த மாதிரி எடுக்கறேன்" என்றான்.

எனக்குத் தெரியவில்லை, உதயா. அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் படத்தைப் பார்த்த கையோடு அழித்துவிட்டேன். நீ என்ன நிறம், உயரமா குட்டையா, எதுவும் தெரியாது. உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் கையை நீட்டித் தோலைத் தொட்டுக் காட்டினார்.

இளம் மஞ்சளில் எடுத்தோம். கல்யாணத்துக்கு ஒரு முழம் துணி எடுத்துத் தராதவள், மருமகளுக்கு எடுத்த முதல் புடவை இது. விமானத்தில் என் மடியில்தான் இருக்கும்.

அத்தை
அம்சா